இரண்டு தாளிலும் என் பெயர்

முதலில் வந்தவர் கெர்ஹார்ட் வாஸ்.
டொலீடோவில் ஜனவரி, ஐந்தரைக்கே இருட்டு.
காலணிப் பனியை என் படியில் தட்டிவிட்டுத்
தாளை நீட்டினார்:
மூலை மனை குடியிருப்பாகவே இருக்க வேண்டும்.
"இன்றைக்குச் சலவைக்கடை என்பார்கள்.
நாளைக்கு டயர் கடை. அப்புறம் சாராயம்.
இடம் கொடுத்தால் மடம் போய்விடும், லைல்."
கை நடுங்கியது. குளிராகவும் இருக்கலாம்.
அவர் படுக்கையறைக்கு ஒரே ஜன்னல்,
அது அந்த மனையைத்தான் பார்க்கிறது.
போட்டேன்.

வியாழனன்று ரொசால்வா மெத்ரானோ.
பன்னிரண்டு இயந்திரம், ஆறு உலர்த்தி,
ஒன்பது மணிக்குக் கதவடைப்பு,
எவர் ஜன்னலிலும் விழாத விளக்கு.
"இங்கிருந்து துணி வெளுக்கப் போக
இரண்டு பஸ் மாற வேண்டும்,
மூட்டையோடு, பிள்ளையோடு."
அவள் சொல்லிக்கொண்டிருக்கையில்
என் குளியல் தொட்டியில் மூன்று சட்டை ஊறிக் கிடந்தன.
நவம்பரிலிருந்து என் இயந்திரம் உறுமும், சுற்றாது.
போட்டேன்.

இருபத்தாறு வருஷம் நகர பஸ் ஓட்டியவன் நான்.
கை காட்டியவருக்கெல்லாம் நிறுத்தியே பழகிவிட்டது.

நகர மன்றம், இரண்டாம் மாடி.
சுவரில் எங்கள் பேட்டை வண்ணமாகத் தொங்கியது:
வீடென்றால் மஞ்சள், கடையென்றால் சிவப்பு.
மஞ்சளின் ஓரத்தில் பென்சில் வட்டம்.
வட்டத்துக்குள் இருந்த வீடு எரிந்து ஆறு வருஷம்;
வரைபடத்துக்கு இன்னும் செய்தி போகவில்லை.

ஆளுக்கு மூன்று நிமிடம்.
மனைவிலை சரியும் என்றார் ஒருவர்,
ஏறும் என்றார் அடுத்தவர்.
இருவர் கையிலும் அச்சடித்த ஆதாரம்.
டாம்சின் ஓட்வே இரவு நர்ஸ்,
பகலில்தான் அவளுக்கு நடுநிசி; அதைச் சொல்லி
உட்காரும்போதே கொட்டாவி விட்டாள்.
பச்சைக் கோட்டுக்காரி ஒருத்தி
"எப்படிப்பட்ட ஆட்கள் வருவார்கள் என்று..."
ஆரம்பித்தவள் ரொசால்வாவைப் பார்த்தாள்,
நிறுத்தினாள். உட்காரவும் இல்லை.
மிச்சமிருந்த ஒன்றே முக்கால் நிமிடத்தைக்
கடிகாரம் பேசித் தீர்த்தது.

பிறகு தலைவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி,
"லைல் டெஸ்மர், வில்லர்ட் தெரு 1138.
ஆதரவு மனுவில் நாற்பத்தொன்றாவது பெயர்.
எதிர்ப்பு மனுவில் ஏழாவது.
எது உங்களுடையது?"

அவை சிரித்தது.
வாஸ் திரும்பிப் பார்த்தார்.
ரொசால்வா பார்க்கவில்லை, அது இன்னும் மோசம்.

"இரண்டும் என் கையெழுத்துதான் ஐயா."

இன்னும் இரண்டரை நிமிடம் கையிலிருந்தது.
என்ன பேசுவதென்று தெரியாமல்
அந்த மனையில் குறுக்கே ஓடும் தடத்தைப் பற்றிப் பேசினேன்.
தபால்பெட்டியிலிருந்து பஸ் நிறுத்தம் வரை,
ஒற்றைக் கால் அகலம்.
யாரும் போடவில்லை, நடந்து நடந்து விழுந்தது.
கோடையில் புல் முளைக்காது,
பனியில் முதலில் கறுப்பது அதுதான்.
நாய்கள், பள்ளிப் பையன்கள், டாம்சின்,
ஏன், வாஸும்தான்.
அது மஞ்சளா சிவப்பா என்று கேட்டேன்.

"சட்டப்படி அது அத்துமீறல்," என்றார் தலைவர், கனிவாகவே.
சிவப்பு விளக்கு எரிந்தது.

முடிவு ஒன்றும் ஆகவில்லை.
மனையில் நட்ட அறிவிப்புப் பலகை
மூன்று நாள் தாமதமாம்.
பிப்ரவரிக்குத் தள்ளிவைத்தார்கள்.

திரும்புகையில் எல்லோருக்கும் ஒரே பஸ்.
ஒரே நிறுத்தம்.
ஏரிக்காற்று காதை அறுத்தது, நடைபாதை முழுக்கக் கண்ணாடிப் பனி.
சுற்றிப் போக யாருக்கும் தெம்பில்லை.
தடத்தில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும்:
முன்னே வாஸ், நடுவில் ரொசால்வா, கடைசியில்
இரண்டு பேரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியவன்.

பாதியில் அவர் நின்றார்.
எரிந்த வீட்டின் சிமென்ட் படி ஒன்று
பனிக்கடியில் இன்னும் இருக்கிறது.
திரும்பாமலே சொன்னார்:
"இங்கே படி. பார்த்து."

அவள் காலைத் தூக்கி வைத்தாள்.
நானும்.

சட்டைகள் தொட்டியில் விறைத்துக் கிடந்தன.
ஒவ்வொன்றாகப் பிழிந்தேன்.